மரைப்பத்தனையில் நான் போட்ட கூச்சல்

மனிதருக்குப் படிப்பு எங்கே வேண்டுமானாலும் ஏறும். மூளைக்கு ஏறும், நடைக்கு ஏறும், சேலைக் கொசுவத்துக்குக்கூட ஏறும். தொண்டைக்கு மட்டும் ஏறவே ஏறாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. உடப்புசல்லாவைக்கு மேலே, ஆளரவமில்லாத ஒரு பள்ளத்தாக்கில், ஒரு கையில் கேரியர் மூடியும் மறு கையில் கரண்டியுமாக நின்று, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பள்ளிக்கூட டீச்சர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, டவுனுக்கு நடந்தே போய்ப் படித்து, அதே தோட்டத்துக்கு டீச்சராகத் திரும்பி வந்தவளுக்கு எவ்வளவு தலைக்கனம் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குடை இல்லாமல் வெளியே இறங்கமாட்டேன். (மழைக்கு அல்ல, மரியாதைக்கு.) பெற்ற தாய் கொழுந்துக் கூடையோடு எதிரே வந்தால்கூட, "என்னம்மா, சௌக்கியமா?" என்று பள்ளிக்கூடம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி விசாரிப்பேன். அம்மா நின்றுகூடப் பார்க்காமல், "போடி இவளே, போயி அரிசியக் களைஞ்சு போடு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அதே பள்ளிக்கூடத்தில் சந்திரன் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு ஹால், நடுவே தட்டிகூடக் கிடையாது. அந்தக் கோடியில் அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார், இந்தக் கோடியில் நான் அகரம் எழுதிப் போடுவேன். என் வகுப்புப் பிள்ளைகள் அவருடைய வாய்ப்பாட்டைப் படித்தார்கள், அவர் வகுப்புப் பிள்ளைகள் என்னுடைய அகரத்தைப் படித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேறொன்று படித்துக்கொண்டிருந்தோம். அதை விவரமாகச் சொல்லமாட்டேன், பேரப் பிள்ளைகள் இதை வாசிப்பார்கள்.

சிக்கல், அவருடைய அப்பா. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர். தோட்டத்தில் பெரிய கிளாக்கர் என்றால் துரைக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். சில பேர் துரைக்கே பயப்படமாட்டார்கள், அவருக்குப் பயப்படுவார்கள். கண்டி டவுனில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் என்று பேச்சு. தொப்பி, அரைக் காற்சட்டை, முழங்கால் வரைக்கும் சொக்ஸ். அவருடைய பழைய துரை சீமைக்குக் கப்பலேறியபோது ஒரு பைனாகுலரையும் ஒரு பழக்கத்தையும் இவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். விடுமுறை கிடைத்தால் மலைக்கு மேலே மரைப்பத்தனை என்கிற பள்ளத்தாக்குக்குப் போய், புல்லில் உட்கார்ந்து, மிருகங்களைப் பார்த்துவிட்டு வருவது அந்தப் பழக்கம். (பத்தனை என்றால் எங்கள் பக்கம் மலைமேல் இருக்கிற புல்வெளி. மரை என்றால் மானில் பெரிய சாதி. கொம்போடு வந்து எதிரில் நின்றால் மாடு எல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.)

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சந்திரன் மாஸ்டர் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"அப்பா கொஞ்சம் எறங்கி வந்திருக்காங்க டீச்சர். வர்ற ஞாயித்துக்கிழம பத்தனைக்குப் போறோம். ஒங்களையும் ஒங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க. ஒரு நாள் கூட இருந்து பாத்துட்டு முடிவு சொல்றாங்களாம்."

"எதப் பாத்துட்டு?"

அவர் எச்சில் விழுங்கினார். "லயத்துப் பழக்கம் ஏதாச்சும் ஒட்டிக்கிட்டிருக்கான்னு… சரிப்படலேன்னா பதுளையில ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்காங்க. அடுத்த வாரமே தட்டு மாத்திருவாங்க."

கையில் இருந்த சோக்குக்கட்டியை அவர் நெற்றியைப் பார்த்து எறிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, "என்கிட்ட அப்பிடி ஒண்ணும் இல்லியே மாஸ்டர்" என்றேன். இப்போது நினைத்தாலும் என் காதை நானே பிடித்துத் திருக வேண்டும்போல இருக்கிறது.

என் பயமெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். அம்மா பேசினால் பக்கத்து மலையில் கொழுந்தெடுக்கிறவர்கள் பதில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட குரல். அந்த வாரம் முழுவதும் வீட்டில் எனக்கு அதுதான் வேலை.

"அம்மா, அங்க வந்து வாயே தொறக்கப்படாது. வெத்தலை போட்டுத் துப்பப்படாது. அவங்க என்ன கேட்டாலும் சிரிச்சா போதும்."

"பல்லக் காட்டலாமா, இல்ல பல்லையும் மூடிக்கிறதா?" என்று கேட்டாள் அம்மா.

அப்பா வர மறுத்துவிட்டார். "பெரிய கிளாக்கரு பக்கத்துல எப்பிடி ஒக்கார்றதுன்னு எனக்குத் தெரியாதும்மா. நின்னுக்கிட்டே மரை பாக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அந்த மரக்கறித் தோட்டத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. எங்கள் லயங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கும். பீட்ரூட், கரட், லீக்ஸ் போடுவோம். எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்காரர்களா இல்லையா என்று கொழும்பில் பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மரைகளுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் அந்தச் சந்தேகமே கிடையாது, உரிமையோடு வந்து தின்றுவிட்டுப் போகும். அதனால் லயத்தில் ஒரு சட்டம். மிருகத்தை முதலில் பார்த்தவர்கள் கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு, "மேட்டு லயத்துல எறங்கிருச்சேய்ய்!" என்று கத்த வேண்டும். அது காதில் விழுந்த உடனே கீழ் லயத்துக்காரர்கள், "பள்ளத்து லயம் முழிச்சிருக்கேய்ய்!" என்று பதில் கொடுக்க வேண்டும். மேலேயும் ஆள், கீழேயும் ஆள் என்று தெரிந்தால்தான் மிருகம் பக்கவாட்டில் திரும்பிக் காட்டுக்குள் போகும். பதில் கொடுக்காவிட்டால் அது நேரே கீழே இறங்கி அவர்கள் பீட்ரூட்டைத் தின்னும். அது மட்டுமா? காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வைத்து அந்த லயத்தையே கிழித்துத் தொங்கப் போட்டுவிடுவார்கள்.

ஆகவே லயத்தில் வளர்கிற பிள்ளை "அம்மா" என்று சொல்லப் பழகும்போதே இந்தப் பதிலையும் பழகிவிடும். நினைத்துச் சொல்வதல்ல, கொட்டாவிக்குக் கொட்டாவி வருகிற மாதிரி தானாக வந்துவிடும். கந்தப்பளையிலிருந்து பூண்டுலோயா வரைக்கும் இதே கூச்சல்தான், கட்டிக் கொடுத்த பெண்கள் போன போன தோட்டத்துக்கெல்லாம் கொண்டுபோயிருந்தார்கள். நான் டீச்சரான பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டேன். விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கந்தப்பளைச் சந்தியில் தோட்டத்து விறகு லொறி வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் பெரிய கிளாக்கரும் அவருடைய வீட்டம்மா மங்களம்மாவும். மங்களம்மா பதுளையில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண், அமைதியான மனுஷி. தோளில் புத்தம்புதுக் கம்பளிச் சால்வை. என் அம்மா கும்பிட்டாள். அவர்கள் பதிலுக்குச் சிரித்து, "எல்லாம் எங்க ஐயா முடிவுதாங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். நானும் அம்மாவும் சந்திரன் மாஸ்டரும் பின்னால் விறகுத் தூளில் உட்கார்ந்தோம். என் வெள்ளைச் சேலை உடப்புசல்லாவை போய்ச் சேர்வதற்குள் வேறு நிறமாகிவிட்டது.

பாதை முடிகிற இடத்தில் லொறியையும் டிரைவரையும் விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தோம். பெரிய கிளாக்கர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தார்.

"இயற்கையை ரசிக்கிறதுக்கு முதல்ல வேண்டியது மௌனம். நம்ம சனத்துக்கிட்ட இல்லாதது அதுதான். ஒரு மிருகத்தைக் கண்டா லயத்து ஆள் என்ன செய்வான்? கத்துவான். தகரத்தைத் தட்டுவான். துரைமார் அப்படியா? மூச்சுக்கூட விடமாட்டாங்க. இன்னைக்கு யாரும் மூச்சு விடக்கூடாது, விளங்குதா?"

"ஆமாங்க. லயத்து ஆளுங்களுக்குக் கொஞ்சங்கூட நாகரிகமே இல்லீங்க" என்றேன் நான்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

காட்டுக்குள் நுழைந்ததும் அட்டைகள் வந்தன. மழைக்கால அட்டை என்றால் நடந்து வராது, ஊர்வலமாக வரும். சேலையைத் தூக்கிக் கட்டினால் லயத்துப் பழக்கம். கட்டாவிட்டால் முழங்கால் வரைக்கும் அட்டை. நான் நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவை என்னைத் தேர்ந்தெடுத்தன. கத்தவும் முடியாமல், குதிக்கவும் முடியாமல், முகத்தில் ஒரு புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டு நடந்தேன். பெரிய கிளாக்கர் திரும்பிப் பார்த்து, "பொண்ணு நல்ல பொறுமை" என்று மங்களம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பொறுமையா? அந்தப் புன்னகைக்குப் பின்னால் நான் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தேன். அம்மா மட்டும் பேசாமல் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து என் காலில் அப்பிக்கொண்டே வந்தாள்.

பிறகு மரங்கள் முடிந்தன. பள்ளத்தாக்கு வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனைக்கும் நான் மலையிலேயே பிறந்தவள். ஆனால் நான் பார்த்த மலையெல்லாம் தேயிலை, அடுத்த மலையும் தேயிலை, அதற்கடுத்ததும் தேயிலை. தேயிலை இல்லாமல் ஒரு மலை இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் வெறும் புல். நடுவே ஓர் ஓடை. கரையோரம் பேர் தெரியாத மரங்களில் இரத்தச் சிவப்பில் பூ. மூடுபனி ஒரு பக்கத்தை மூடி மறு பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தது. யாரும் கொத்தாத, யாரும் கவ்வாத்து வெட்டாத, யாரும் பேர் கூப்பிடாத நிலம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அவளும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வாய் பிளந்து நின்றாள். இத்தனை வருஷம் மலையில் உழைத்தவளுக்கும் அன்றுதான் ஒரு மலையைச் சும்மா நின்று பார்க்கக் கிடைத்திருக்கிறது.

சரிவில் ஒரு பாயை விரித்தோம். மங்களம்மா நனைந்த சால்வையைப் பக்கத்துச் செடியில் உலரப் போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்கள். அம்மா அவர்களுக்குப் பக்கத்தில். பெரிய கிளாக்கர் கொஞ்சம் கீழே இறங்கி ஒரு பாறையோரம் பைனாகுலரோடு குந்தினார். சந்திரன் மாஸ்டர் நடுவில், எந்தப் பக்கமும் சாயாமல். நான் மேட்டில் கேரியரைத் திறந்து சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பாணை மெல்லிசாக வெட்டி, நடுவில் வெண்ணெய் தடவி வைத்திருந்தார்கள், துரை வீட்டுப் பழக்கம். அடித்தட்டில் மட்டும் அம்மா செய்துவந்த ரொட்டியும் சம்பலும்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் ஏதோ பழுப்பு நிறத்தில் அசைந்தது. பெரிய கிளாக்கர் பைனாகுலரை என்னிடம் கொடுத்தனுப்பி, பார்க்கச் சொன்னார். (அதில் எனக்குத் தெரிந்தது என் இமை மயிர் மட்டும்தான்.) "ரொம்ப அழகுங்க" என்று காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் பதுளைப் பெண் பாதி தூரம் போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்திரன் மாஸ்டர் முகத்தில் வெயில் அடித்தது. நான் மனசுக்குள் பந்தல் போட ஆரம்பித்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

இத்தனை பேரும் முன்னால் இருக்கிறார்களே, பின்னால் யார் என்று திரும்பினேன். பனிக்குள் இரண்டு கொம்பு நின்றது. கொம்புக்குக் கீழே ஒரு மூஞ்சி. மூஞ்சியின் இரண்டு ஓட்டையிலிருந்தும் புகை. ஓர் ஆள் படுத்தால் தொட்டுவிடுகிற தூரம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அந்த மரை, பள்ளத்தாக்கில் இவ்வளவு இடம் இருக்க, என் முதுகைத் தேர்ந்தெடுத்து வந்து நிற்கிறது. கழுத்து மயிரில் பனித்துளி மின்னியது. அவ்வளவு அழகு. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பார்த்து முடிப்பதற்குள் என் கை கேரியர் மூடியை எடுத்துவிட்டது. மற்றக் கை கரண்டியை எடுத்துவிட்டது. டீச்சர் எங்கே போனாள் என்று தெரியவில்லை. சேலை முழங்காலுக்கு மேலே ஏறி இடுப்பில் செருகியிருந்தது. எப்போது செருகினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"மேட்டு லயத்துல எறங்கிருச்சேய்ய்ய்! அடியேய், பீட்ரூட்டத் தின்னுருமேய்ய்! ஏய்! ஓடு! ஒங்கொம்புல கொள்ளி வைக்க! நாசமாப் போற பயலே, ஓடு!"

டங்கு டங்கு டங்கு என்று மூடி அதிர்ந்தது. ஓடையோரத்து மரங்களிலிருந்து பறவைகள் எல்லாம் கிளம்பின. கத்தி முடித்து மூச்சு வாங்கிய அந்த ஒரு கணத்தில் எனக்குப் புத்தி வந்தது. போச்சு. பந்தல் சரிந்தது. பதுளைப் பெண் திரும்பி வந்துகொண்டிருந்தாள். சந்திரன் மாஸ்டர் பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

அடுத்த கணம் கீழேயிருந்து ஒரு குரல் எழும்பியது. அது குரலா? பள்ளத்தாக்கே குலுங்கியது.

"பள்ளத்து லயம் முழிச்சிருக்கேய்ய்ய்! வாடா வா! இங்கிட்டு எறங்குன, தோல உரிச்சுத் தப்புக் கட்டிருவோமேய்ய்! ஓடுறா, ஓடு!"

எல்லாரும் என் அம்மாவைப் பார்த்தோம். வேறு யாராக இருக்க முடியும்? அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை மெதுவாக எடுத்தாள்.

"நான் இல்லீங்க" என்றாள். அன்றைக்குக் காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பாறைக்குப் பக்கத்தில் பெரிய கிளாக்கர் நின்றார். தொப்பி தலையில் இல்லை. ஒரு கையில் தொப்பி, மறு கையில் சுடுதண்ணிப் போத்தல், போத்தலால் தொப்பியை அடித்தபடி. கால்கள் அகன்று, கழுத்து நரம்பு புடைத்து, வாய் இன்னும் மூடாமல். எதிர் மலை அவர் குரலைப் பிடித்துக்கொண்டு, "முழிச்சிருக்கேய்ய்ய்…" என்று இன்னொரு தடவை சொல்லிக் காட்டியது. அவருக்கே அப்போதுதான் அது தன் குரல் என்று தெரிந்தது போலிருக்கிறது. கண் இரண்டும் வெளியே வந்துவிட்டன.

மரையை யாரும் கவனிக்கவில்லை. அது பாவம், மேலேயும் லயம், கீழேயும் லயம் என்று கேட்டால் எந்த மரையும் செய்வதைத்தான் செய்தது, பக்கவாட்டில் திரும்பியது. பக்கவாட்டில் மங்களம்மா. அம்மா அவர்களைப் பிடித்துச் சேற்றில் உருட்டியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குக் குலை நடுங்குகிறது. மரை ஒரே தாவல். பாய் போனது, பாண் போனது, செடி முறிந்தது. செடியில் கிடந்த சால்வை கொம்பில் மாட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் போகிற பெரிய மனுஷன் மாதிரி சால்வையோடு அது பனிக்குள் போய் மறைந்தது.

மங்களம்மா எழுந்து உட்கார்ந்தார்கள். தலைமயிரில் சேறு, கன்னத்தில் சம்பல். சால்வையைக் கேட்கவில்லை. அடிபட்டதா என்று பார்க்கவில்லை. புருஷனை மட்டும் பார்த்தார்கள்.

"என்னங்க."

"ம்."

"கண்டி டவுன்ல ஏதுங்க மரை?"

அவர் தொப்பியைத் தலையில் வைக்கப் பார்த்தார். அது ஒரு பக்கம் நசுங்கிப் போயிருந்தது. பிறகு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பூண்டுலோயா" என்றார் கடைசியில். "பள்ளத்து லயம். தொங்கல் காம்பிரா."

லயத்தின் கடைசி வீட்டைத்தான் அப்படிச் சொல்வோம். எனக்கு என் அவமானம் மறந்தே போய்விட்டது. அந்த மனுஷன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் லயத்தை விட்டு ஓடி, கண்டியில் ஒரு கடையில் எடுபிடியாக நின்று, அங்கேயே இங்கிலீஷ் படித்து, கிளாக்கராகி, அந்தக் கடையையே தன் குடும்பம் என்று சொல்லிப் பெண் எடுத்திருக்கிறார். அண்ணன் இன்னும் அதே காம்பிராவில்தான் இருக்கிறாராம். ஒரு தரம்கூடப் போய்ப் பார்க்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முதலில் அசைந்தவள் என் அம்மா. கேரியரின் அடித்தட்டு மட்டும் கவிழாமல் கிடந்தது. அதிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து, சம்பலை வைத்து, அவரிடம் நீட்டினாள்.

"சாப்புடுங்க ஐயா. இம்மாஞ் சத்தம் போட்டா பசிக்கத்தான செய்யும்."

அவர் வாங்கிக்கொண்டார். தின்றுகொண்டே, "ஒங்க பக்கம் பன்னி வருதா, மரைதான் வருதா?" என்று கேட்டார். அம்மா, "ரெண்டுந்தாங்க. லீக்ஸ் மட்டும் தொடாது" என்றாள். "எங்க ஊருல லீக்ஸயும் விடாது" என்றார் பெரிய கிளாக்கர். திரும்பி நடக்கிற வழியெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் பன்றியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அட்டை கடித்ததற்கு அவர் காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அம்மாவிடம் சுண்ணாம்பு கேட்டார். மங்களம்மா முன்னால் போகிற புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். சந்திரன் மாஸ்டரோ என் பக்கமே திரும்பவில்லை. தான் யார் என்று அவரே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

லொறிக்கு வந்து சேர்ந்தோம். பெரிய கிளாக்கர் முன்னால் ஏறப் போனார். மங்களம்மா அவரை நிறுத்தினார்கள். அங்கேயே, டிரைவர் பார்த்துக்கொண்டிருக்க, என்னிடம் வந்தார்கள். சேலையை இன்னும் நான் இடுப்பிலிருந்து இறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இறக்கக் கை வரவில்லை. திட்டப் போகிறார்கள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"என்னங்க, இங்க பாருங்க" என்றார்கள் புருஷனைப் பார்த்து. குரல் உயரவேயில்லை. "நான் தாலி கட்டிக்கிட்டு, புள்ள பெத்து, அந்தப் புள்ளைக்கி மீசை மொளைச்ச பொறகு தெரிஞ்சுக்கிட்டேன், நீங்க ஆருன்னு. இவளாச்சும் கல்யாணத்துக்கு முன்னாடியே கத்திட்டா. இவதான் என் மருமக. பதுளைக்கு நாளைக்கே ஆளனுப்பிச் சொல்லிருங்க."

அவர் வாயைத் திறந்தார்.

"எல்லாம் ஒங்க முடிவுன்னு இத்தன நாள் விட்டேன்ல? அது போதும்" என்றார்கள் மங்களம்மா. அவர் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பா, அழுகையா, ஒன்றும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தேன். சந்திரன் மாஸ்டர் லொறிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "மரை பெருசா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரமே மாமியார் பூண்டுலோயாவுக்குப் புறப்பட்டார்கள். மாமனார் வர மறுத்தபோது, "நீங்க வரலேன்னா நான் தனியாப் போய் மச்சாண்டாரக் கூட்டிக்கிட்டு வருவேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார்களாம். எங்கள் கல்யாணத்துக்கு அந்த அண்ணன் வந்திருந்தார். பந்தல் வாசலில் தம்பியைக் கண்டதும், கிளாக்கரைக் கண்டால் செய்கிற பழக்கத்தில் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மாமனார் அதைப் பிடுங்கி அண்ணன் தலையிலேயே திரும்பக் கட்டிவிட்டார். கட்டத் தெரியவில்லை, கோணல்மாணலாக வந்தது. அண்ணன் அதைச் சரி செய்யாமலேயே மணவறை வரைக்கும் வந்து உட்கார்ந்தார். நான் மணப்பெண் என்பதை மறந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. சம்பந்தம் பேச யார் வந்தாலும், ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால், என் மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிடுவார்கள். "கத்த வேண்டியது ஏதாச்சும் இருந்தா இப்பவே கத்திருங்க தம்பி. பொறகு கத்துனா எனக்குத் தாங்காது." அவ்வளவுதான். வந்தவர்கள் முழிப்பார்கள். நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்குவோம். ஒரு மாப்பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டே தெறித்து ஓடியிருக்கிறான்.

என் மகளைப் பெண் பார்க்க வந்த பையன் ஓடவில்லை. பாங்கில் வேலை, வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத முகம். கேள்வியைக் கேட்டதும் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து நின்று, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி கத்தினான்.

"நான் ரெண்டு தரம் சோதனையில பெயிலுங்க! சிகரெட்டும் குடிப்பேனுங்க!"

என் மாமியார் எழுந்து அவன் கன்னத்தை வழித்து முத்தமிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனைப் பெற்றவள் கையிலிருந்து முறுக்குத் தட்டு நழுவி விழுந்தது.

"எப்பருந்துடா?" என்றார் அந்த அம்மா.